வெண்டையில் சிவப்புப் பூச்சி, அவரையில் முள்தோள் பூச்சி: எதை விடுவது, எதை அடிப்பது?

பழைய கண்டக்டர், கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் – பண்ருட்டி தடத்தில் 27 வருடம் டிக்கெட் கிழித்தவன் நான். ஏறும்போதே முகத்தைப் பார்த்து, டிக்கெட் எடுக்காமல் இறங்கப் போகிறவன் யார் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கணக்கு தோட்டத்தில் செல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடம். 2024 டிசம்பர் வெள்ளத்தில் தென்பெண்ணை உள்ளே வந்து, போகும்போது அரையடி வண்டலை விட்டுப் போனது. புலம்பி முடித்த அப்புறம் அதே வண்டலில் விதை போட்டேன். இப்போது வெண்டை, கத்தரி, பந்தலில் அவரை. நாட்டு வெண்டையில் 4 செடியை விதைக்கு விட்டிருக்கிறேன்.

போன வாரம் அந்த 4 செடியிலும் சிவப்புப் பூச்சி. தேர்த் திருவிழா ஸ்பெஷல் பஸ் மாதிரிக் கூட்டம். முற்றி வெடித்த காயில்தான் மொய்க்கிறது. பக்கெட்டில் சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்து, செடியைத் தட்டித் தட்டி உள்ளே விழவைத்தேன். இருநூறுக்குக் குறையாது. மிச்சம் இருந்ததைக் குனிந்து பார்த்தால், ஒரு பெரிய சிவப்பு ஒரு சின்ன சிவப்பின் முதுகில் மூக்கைச் செருகிக்கொண்டு நிற்கிறது. இன்னொரு கிளையில் ஒன்று இன்னொன்றைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. தன் இனத்தையே தின்னுமா இது?

மறுநாள் அவரைப் பந்தலில் வேறு ஒன்று. பழுப்பு நிறம், விரல் நகத்தளவு, இரண்டு தோளிலும் முள். மூக்கு நுனியில் ஒரு பச்சைப் புழுவைக் குத்தி, புழு அந்தரத்தில் தொங்க, அசையாமல் நின்றது. பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அப்படியே. புழு மட்டும் காலிப் பை போலச் சுருங்கியிருந்தது. அதிலிருந்து அந்தப் பக்கெட் மனதை உறுத்துகிறது.

மருந்துக் கடையில் கேட்டேன். "எல்லாம் சாறு உறிஞ்சிதான் சார், இதை அடிங்க" என்று 380 ரூபாய்க்கு ஒரு பாட்டில் கொடுத்தார்கள். இன்னும் திறக்கவில்லை. மகனோ கைபேசியில் தேடிவிட்டு, இது மனிதரைக் கடித்து இதயநோய் கொடுக்கும் "முத்தப் பூச்சி" என்கிறான். வீட்டில் 4 வயதுப் பேத்தி இருக்கிறாள். அடிக்கவா, விடவா?

மாடித்தோட்டம், லாஸ்பேட்டை

சிவப்பு என்றாலே வம்பு ஐயா. சந்தேகம் இருந்தால் அடித்துவிடுங்கள். பூச்சிக்கா பஞ்சம்?

பாகூர் ஏரிக்கரை

ஐயா, பாட்டிலைத் திறக்காதீர்கள். ரசீது இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

பக்கெட்டை நினைத்து ரொம்ப வருந்தவும் வேண்டாம். அதில் போனது பெரும்பாலும் சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சிதான். கழுத்தில் வெள்ளை வளையம், ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு கறுப்புப் பொட்டு, திருப்பிப் போட்டால் வயிற்றில் வெள்ளைக் கோடுகள். விதைக்காகவே வருகிற பூச்சி. பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் ஒரே குடும்பம், அதனால் மூன்றிலும் இருக்கும். உங்கள் வேலியில் பூவரசு உண்டா? இருந்தால் கூட்டம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும். கறிக்குப் பறிக்கும் பிஞ்சு வெண்டைக்கு இதனால் பெரிய நட்டமில்லை, விதைக்கு விட்ட காய்க்குத்தான் கேடு.

பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது தின்பதற்காக இல்லை. அது ஜோடி. வாலோடு வால் ஒட்டி நாள்கணக்கில் அப்படியேதான் திரியும். பழைய ஞாபகத்தில் அதற்கும் அபராதம் போட்டுவிடாதீர்கள்.

மூக்கைச் செருகி நின்ற பெரிய சிவப்புதான் விஷயமே. ஆன்டிலோகஸ் என்று பெயர். பருத்தி நாவாய்க்குச் சொந்தக்காரன், அதே குடும்பம், ஆனால் அவற்றை வேட்டையாடித்தான் பிழைக்கிறது. ஆளும் பெரியது, கழுத்தில் அந்த வெள்ளை வளையம் இருக்காது. தமிழில் இதற்குத் தனிப்பெயர் நான் கேட்டதில்லை, எங்கள் வீட்டில் 'பங்காளித்தின்னி' என்கிறோம். இருநூறில் சில பங்காளித்தின்னியும் போயிருக்கலாம். போனது போகட்டும்.

தோளில் முள் உள்ளது நாற்றப்பூச்சி இனம். கதிரில் பால் உறிஞ்சும் பூச்சிக்கெல்லாம் உறவு, ஆனால் அசைவம். மூக்கால் குத்தி எச்சிலை உள்ளே விடும். புழுவின் உடம்பு உள்ளேயே கரைந்து கூழாகும், அப்புறம் உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் பார்த்த காலிப் பை அப்படி ஆனதுதான். இலை தின்னும் புரொடீனியா புழுவை நன்றாகப் பிடிக்கும்.

அடையாளத்துக்கு மூக்கைப் பாருங்கள். நாவாய் என்கிற இந்தப் பூச்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வாய் ஊசிதான், கடிக்கிற பல் கிடையாது. செடி உறிஞ்சுகிறவற்றுக்கு அந்த ஊசி மெலிசாக, வயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். வேட்டைக்காரனுக்குத் தடித்து இருக்கும். முள்தோளான் அதை முன்னால் நீட்டுவான். கொலைகாரப் பூச்சி என்று இன்னொரு வேட்டை நாவாய் உண்டு, அதற்கு அரிவாள் போல வளைந்திருக்கும். ஆனால் இந்த விதி பங்காளித்தின்னிக்குச் செல்லாது, அதன் மூக்கும் உறவினர் மூக்கு மாதிரியேதான். அங்கே மூக்கைப் பார்த்துப் பயனில்லை, செய்கையைத்தான் பார்க்க வேண்டும்.

மகன் சொன்னது தென் அமெரிக்கப் பக்கத்துக் கதை. சாகஸ் நோய் என்று பெயர். இரத்தம் குடிக்கும் ஒருவகை நாவாய் அங்கே அதைப் பரப்புகிறது. உங்கள் பந்தலில் இருப்பது அந்தக் குடும்பமே இல்லை. பேத்தியிடம் கையால் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பா செய்த தப்பில் கற்றது. எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் 2 காணி. ஒரு சம்பாவில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்று அப்பா பைரித்ராய்டு மருந்து அடித்தார். மூன்று வாரத்தில் வயல் வட்ட வட்டமாகக் காய்ந்தது. புகையான் என்கிற, நெல் தூரில் சாறு உறிஞ்சும் பூச்சி. மருந்து அடித்த வயலில்தான் அதிகம். அண்டை வயல்காரர் சோம்பேறி, ஒன்றுமே அடிக்கவில்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை! அப்பாவுக்கு அந்த வருடம் முழுக்கத் தூக்கம் இல்லை.

அடுத்த பட்டத்தில் உழவர் வயல்வெளிப் பள்ளி நடந்தது, அப்பாவுக்குப் பதில் நான் போனேன். தூரைப் பிரித்து, கெட்டது எத்தனை, நல்லது எத்தனை என்று எண்ணி சார்ட்டில் படம் வரைய வேண்டும். அங்கேதான் மிரிட் நாவாயைப் பார்த்தேன். பச்சை உடம்பு, கறுப்புத் தலை, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கும். இது வெளியில் நின்று ஊசியை இறக்கி அந்த முட்டையைக் குடித்துவிடும். தண்ணீர் மேல் மைக்ரோவேலியா என்று இன்னொன்று, எள் அளவுகூட இல்லை, தூரிலிருந்து தவறி விழும் புகையான் குஞ்சின் மேல் நாலைந்தாகப் பாயும். அப்பா அதுவரை இரண்டையும் புகையானின் குட்டி என்று நினைத்திருந்தார். மருந்து இவர்களையும் சிலந்தியையும் கொன்றது, இலையுறைக்குள் இருந்த முட்டையை ஒன்றும் செய்யவில்லை. பிறகு பொரித்ததற்கெல்லாம் கேட்பார் இல்லை. இப்போது வரப்பில் எள்ளும் உளுந்தும் போடுகிறோம். எள் பூத்தேன் மிரிட்டின் ஆயுளைக் கூட்டும்.

அந்தப் பள்ளியில் சொன்ன ஒரு வேலை உங்களுக்கு ஆகும். நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், கடைக்காரர் சொல்வதையும் நம்ப வேண்டாம். சந்தேகப் பூச்சியை ஒரு பாட்டிலில் விட்டு, ஒரு இலை, இரண்டு புழு போட்டு, வாயில் வலைத்துணி கட்டி இரண்டு நாள் பாருங்கள்.

முந்திரிக்காரன், பண்ருட்டி பக்கம்

அக்கா சொன்ன அரிவாள் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன்.

2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் பழைய முந்திரி முக்காலும் சாய்ந்தது. அப்புறம் ஒட்டுக்கன்று வைத்து, அது துளிர்விடும் ஒவ்வொரு மார்கழி தையிலும் தேயிலைக் கொசுவோடு போராட்டம். பெயர்தான் கொசு, அதுவும் நாவாய்தான், சுத்த சைவம். துளிரையும் பூங்கொத்தையும் குத்திக் கருக்கிவிடும். ஒருநாள் கருகிய துளிரில் கறுப்பும் சிவப்புமாக நீளக்கால் பூச்சி ஒன்று நின்றது. இதுதான் திருடன் என்று இரண்டு விரலால் பிடித்தேன். தேள் கொட்டின மாதிரி. சாயங்காலம் வரை விரல் விண் விண் என்று தெறித்தது. வலி கொஞ்சம் அடங்கிய பிறகு பார்த்தால், விட்ட இடத்திலேயே நின்று ஒரு தேயிலைக் கொசுவைக் குடித்துக்கொண்டிருக்கிறது. போலீஸ்காரர் கையைத் திருடன் என்று பிடித்துவிட்டேன்.

இன்னொன்று. சுவர் ஓரத்தில் ஒரு உருண்டை மண்ணும் செத்த எறும்பும் தானாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இதே கொலைகாரக் கூட்டத்துக் குஞ்சுதான். தின்ற எறும்பின் கூட்டை முதுகில் அடுக்கிக்கொண்டு திரியும். அம்மா அதைத் தினம் பெருக்கித் தள்ளுவார், அது தினம் திரும்ப வரும்.

நெல்லிக்குப்பம் வெண்டை

கதை நன்றாக இருக்கிறது. எனக்கு அரை ஏக்கர் வெண்டை, ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. ஓட்டை விழுந்த காயை மண்டியில் ஒதுக்கிவிடுகிறார்கள். நல்ல பூச்சி வந்து சேரும்வரை கடன்காரர் காத்திருப்பாரா? 5 சென்ட்காரர் பாட்டிலில் விட்டு வேடிக்கை பார்க்கலாம்.

பாகூர் ஏரிக்கரை

தம்பி, நியாயம்தான். வேட்டைப் பூச்சி புழுவுக்குப் பின்னால்தான் வரும், முன்னால் வராது. விற்பனைப் பயிரில் அதை மட்டும் நம்பி உட்காரச் சொல்லமாட்டேன். ஆனால் அடிப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. பி.டி. பாக்டீரியா மருந்து, இலையோடு சேர்த்துத் தின்கிற புழுவின் குடலில்தான் வேலை செய்யும், நாவாயை ஒன்றும் செய்யாது. காய்ப்புழுவுக்கு அது காயைத் துளைத்து உள்ளே போகும் முன்பே அடிக்க வேண்டும். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதமும் ஓரளவு சாது. வேரில் ஊற்றி உள்ளே ஏறும் மருந்தை இவற்றுக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அசைவப் பூச்சியும் தாகத்துக்கு இலையில் கொஞ்சம் சாறு குடிக்கும், அதில் செத்துப்போகும்.

மாடித்தோட்டம், லாஸ்பேட்டை

மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு சந்தேகம். என் தக்காளியில் மெல்லிசாகப் பச்சையில் குட்டிப் பூச்சி ஓடுகிறது. அது வந்த பிறகு வெள்ளை ஈ குறைந்திருக்கிறது. ஆனால் குருத்துத் தண்டில் பழுப்பு வளையம் விழுந்து, தொட்டால் அந்த இடத்தில் முறிகிறது. இது நல்லவனா கெட்டவனா?

பாகூர் ஏரிக்கரை

இரண்டும். நெசிடியோகோரிஸாக இருக்கும், அதுவும் மிரிட் இனம். வெள்ளை ஈ இருக்கும்வரை அதைத் தின்னும், தீர்ந்ததும் தக்காளித் தண்டைச் சுற்றிக் குத்தும், அந்த வளையம்தான் அடையாளம். வெளிநாட்டில் பசுமைக்குடிலுக்கு விலைக்கு வாங்கி விடுகிறவர்களும் உண்டு, இதையே தொல்லை என்று அடிக்கிறவர்களும் உண்டு. வளையம் அதிகமானால் அந்தக் குருத்துகளைத் தட்டிப் பூச்சியைக் குறையுங்கள். மிளகாய்ப் பூவுக்குள் 2 மில்லிமீட்டரில் கறுப்பாக ஒன்று ஓடினால் அதைத் தொடாதீர்கள். ஓரியஸ், இலைப்பேனைத் தின்பது. மூட்டைப்பூச்சிக்குப் பங்காளி முறை என்றாலும் குணம் வேறு.

பழைய கண்டக்டர், கடலூர்

12 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வேலியில் பூவரசு இருக்கிறது. பேத்தி பீப்பீ ஊதுவதற்கு என்றே வெட்டாமல் விட்டது. அடியில் பார்த்தேன், உதிர்ந்த காய்களில் சிவப்பு மொய்த்துக் கிடக்கிறது. பெருக்கி அள்ளி எரித்தேன்.

இரண்டு ஊறுகாய் பாட்டில் எடுத்தேன், வீட்டில் திட்டு. ஒன்றில் பெரிய சிவப்பும் 6 சின்ன சிவப்பும். மூன்றாம் நாள் இரண்டுதான் மிச்சம், மீதி வெறும் கூடு. வெண்டை இலை வைத்திருந்தேன், அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு குழப்பம். பெரியது இல்லாமல் சின்னதுகளை மட்டும் தனி டப்பாவில் போட்டு வைத்ததில், சட்டை உரித்துக்கொண்டிருந்த ஒன்றை இன்னொன்று உறிஞ்சியது. அதனால் ஒன்று இன்னொன்றைக் குடித்தால் உடனே பங்காளித்தின்னி என்று சொல்லிவிட முடியாது போலிருக்கிறது. அக்கா பார்க்கவும்.

முள்தோளான் இரண்டாம் பாட்டிலில். நாளுக்கு ஒரு புழு என்ற கணக்கில் முடித்தது. நான்காம் நாள் வலைத்துணியில் முட்டை, வரிசையாக அடுக்கிய குட்டிப் பீப்பாய்கள், மூடியைச் சுற்றி இமைமுடி மாதிரி. எண்ணினேன், 41. பேத்தி அதற்கு 'டபுள் பஸ்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கடையில் பாட்டிலைத் திரும்ப வாங்கவில்லை. பரணில் இருக்கிறது.

இன்று காலை முட்டை பொரிந்துவிட்டது. சிவப்பும் கறுப்புமாகக் குண்டூசித் தலை அளவு, எல்லாம் முட்டை ஓட்டின் மேலேயே கூடி உட்கார்ந்திருக்கின்றன. சின்னப் புழு கொடுத்தேன், ஒன்றும் தொடவில்லை. பட்டினி கிடந்து செத்துவிடுமா?

பாகூர் ஏரிக்கரை

சாகாது. முதல் சட்டை உரிக்கும்வரை வேட்டைக்குப் போகாது, ஈரமும் இலைச் சாறும் போதும். புழுவை எடுத்துவிடுங்கள். நனைத்த பஞ்சு ஒரு துண்டும் அவரைப் பிஞ்சு ஒன்றும் வையுங்கள். இரண்டாம் பருவத்துக்கு வந்ததும் உடனே பந்தலில் விடுங்கள், வைத்திருந்தால் பசியில் ஒன்றை ஒன்று தின்னும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, இலைக்கு இரண்டு மூன்றாகப் பிரித்து.

சட்டை உரிக்கும்போது உறிஞ்சியதை நானும் பார்த்திருக்கிறேன். பருத்தி நாவாய் அப்படிச் செய்யும், உடம்பு மெத்தென்று இருக்கும் நேரத்தில் மட்டும். உங்கள் பெரிய சிவப்பு கெட்டி உடம்புக்காரர்களையும் முடித்ததா?

பழைய கண்டக்டர், கடலூர்

நாலில் மூன்று கெட்டி உடம்பு. கூட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.