மறு: கோல்ஃப் சொற்கள் – ‘ஹோல்’ என்பதற்குக் ‘குழி’ மட்டும் போதுமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> குழிப்பந்தாட்டம் என்ற பெயரே புழக்கத்தில் இருக்கிறது. ஹோல் என்றால் குழி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் திடல் பற்றித் தமிழில் ஓர் அறிமுகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் “பதினேழாவது குழிதான் இங்கே மிகவும் கடினமானது” என்று ஒரு வரி. கோல்ஃப் பார்த்தே இராத என் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். “ஏன், அந்தக் குழி மட்டும் சின்னதா?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. எல்லாக் குழிக்கும் ஒரே அளவுதான், 108 மில்லிமீட்டர் விட்டம். கடினமானது குழி இல்லை, குழி வரைக்கும் போகிற வழி. முதல் அடி அடிக்கும் மேடையில் தொடங்கி, நீளப் புல்வெளி, மணல் பள்ளங்கள், கடைசியில் மழமழவென்று வெட்டிய புல்தரை, அதில் குழி என்று அத்தனையும் சேர்ந்ததையும் ஆங்கிலத்தில் ஹோல் என்கிறார்கள். பந்து விழும் ஓட்டையையும் ஹோல் என்கிறார்கள்.

> ஆங்கிலத்திலும் ஒரே சொல்தானே? இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்களே?

புரிந்துகொள்கிறார்கள், சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகியதால். நாம் எழுதப்போவது பழகாதவர்களுக்கு. அதோடு, இந்த இரண்டும் வேறு வேறு என்று காட்டுவதற்கு ஓல்டு கோர்ஸைவிட நல்ல சான்று கிடைக்காது. கடலோரம் ஒடுங்கி நீண்ட நிலம் அது. அந்தக் காலத்தில் கடைசிவரை ஆடிக்கொண்டே போய், அதே குழிகளில் பந்தைப் போட்டுக்கொண்டே திரும்பி வருவார்கள். தரையில் இருந்தவை 12 குழிகள். அவற்றில் 10 குழிகளைப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று ஆடியதால் ஓர் ஆட்டச் சுற்றுக்கு 22 ஹோல். 1764-இல், திடலின் தொடக்கத்தில் இருந்த நான்கு குட்டை ஹோல்களை இரண்டாகச் சேர்த்தார்கள். தரையில் 10 குழிகள் மீந்தன, அவற்றில் 8 குழிகளைப் போகும்போதும் வரும்போதும் ஆடியதால் சுற்று 18 ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் 18 என்று ஆடுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த வரலாற்றை ‘குழி’ என்ற ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள். “10 குழிகளில் 18 குழிகள் ஆடினார்கள்” என்று வரும். எந்தத் தமிழ் வாசகர் இதை ஒப்புக்கொள்வார்?

அதனால் என் முன்மொழிவு: பந்து விழுவது குழி. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் முழு நிலமும் குழித்தடம். ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் ‘தடம்’ என்றே எழுதலாம். தடகளம் என்ற சொல்லால் ‘தடம்’ விளையாட்டுப் பக்கங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். “10 குழிகள், 18 தடங்கள்.” தெளிவாக இருக்கிறது.

தடத்துக்குக் ‘கட்டம்’ என்று குழுவில் ஒருவர் சொல்லியிருந்தார். அது தாயக்கட்டத்தை, சதுரத்தை நினைவூட்டுகிறது. ‘பாத்தி’ எனக்குப் பிடித்திருந்தது, பச்சையாக நீண்டு கிடக்கும் வடிவம் பொருந்துகிறது. ஆனால் பாத்தி என்றாலே தண்ணீர் கட்டும் இடம். தொடங்கி முடிகிற பயணம் என்ற பொருள் அதில் இல்லை.

கிரீன், அதாவது குழி இருக்கும் அந்த மழமழவென்று வெட்டிய புல்தரை, என்பதற்கு முதலில் ‘குழித்தளம்’ என்று வைத்திருந்தேன். தடம், தளம் இரண்டும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன, வேகமாகப் படிக்கும்போது குழம்பும் என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். சரி. மாற்றாக முற்றம் என்று வைக்கலாமா? சமப்படுத்தி, பெருக்கி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் வெளியிடம் நமக்கு முற்றம்தானே. ஓல்டு கோர்ஸுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. எதிரெதிரே ஆடுகிறவர்கள் ஒரே குழிக்காகக் காத்து நின்ற தொல்லை தீர, 19-ஆம் நூற்றாண்டில் முற்றங்களை அகலப்படுத்தி இரண்டு குழிகள் வெட்டினார்கள். இப்போது 14 தடங்களுக்கு 7 பொது முற்றங்கள். 1, 9, 17, 18 ஆகிய நான்குக்கு மட்டும் தனி முற்றம். முற்றத்தைப் பகிரும் தடங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2-உம் 16-உம், 5-உம் 13-உம், 8-உம் 10-உம். இரண்டு வீட்டுக்குப் பொது முற்றம் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

> பங்கர் = மணற்குழி. இது ஏற்கெனவே சிலர் எழுதுவதுதான்.

இதை நான் எதிர்க்கிறேன். அங்கே 112 பங்கர்கள் இருக்கின்றன. 14-ஆம் தடத்தில் இருப்பதன் பெயரே நரகம். 1995-இல் பிரிட்டனின் ஓபன் கோல்ஃப் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் அதிலிருந்து வெளியே வர நான்கு அடி எடுத்துக்கொண்டார். அந்தத் தடத்தை முடிக்க மொத்தம் 10 அடி. “பதினான்காவது குழியின் நரகக் குழியில் விழுந்ததால் குழியில் போடத் தாமதமானது” என்று எழுத முடியுமா? மணற்பள்ளம் என்போம். குழி என்ற சொல்லைப் பந்து விழும் இடத்துக்கு மட்டும் விட்டுவைப்போம்.

அடுத்த சொல் ‘பார்’ (par). இதில் நான் இரண்டு நாள் தடுமாறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு தடத்தை முடிக்க எடுக்கவேண்டிய அடிகளின் எண்ணிக்கைதான் பார்: 3, 4 அல்லது 5. நம் யாப்பில் மூன்று சீர் சிந்தடி, நான்கு சீர் அளவடி, ஐந்து சீர் நெடிலடி! நினைத்ததும் உடம்பே சிலிர்த்தது. யாப்பில் எண்ணுவது சீரை, இங்கே எண்ணுவது அடியை என்று குழுவில் வந்த மறுப்பு சரியானதுதான். ஆனாலும் கலைச்சொல்லில் அவ்வளவு நெகிழ்ச்சி இருக்கலாம் என்றே எண்ணினேன். என்னைத் தடுத்தது வேறு. அளவடி என்று கேட்டதும் ‘அளவான அடி’, அதாவது பொதுவான பார் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். நான்கடித் தடத்துக்கும் அதே பெயர் என்றால், ஹோல் தரும் அதே குழப்பத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். மனசில்லாமல்தான் கைவிடுகிறேன். குழுவில் வந்த இலக்கடி போதும்: “இலக்கடி 4”. முழுச் சுற்றுக்கும் ஓல்டு கோர்ஸின் இலக்கடி 72. அடி என்பது நீள அளவாகவும் இருப்பதால், தூரத்தை எல்லா இடத்திலும் கஜத்தில் கொடுத்துவிடலாம்.

கிளப் பற்றி ஒரு வார்த்தை. அது சங்கத்தையும் குறிக்கும், ஆடும் கோலையும் குறிக்கும். கழகம், கோல் என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸில் கழகத்தையும் திடலையும் பிரித்து எழுதுவதும் முக்கியம், தமிழில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முதல் தடத்தின் தொடக்க மேடைக்குப் பின்னால் நிற்கும் கம்பீரமான கட்டடம் 1754-இல் தோன்றிய ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கழகத்தினுடையது. 2014 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத கழகம் அது. திடல் அவர்களுடையது அன்று. பொதுச் சொத்து. ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது, குலுக்கலில் பெயர் வந்தால் வெளியூர்க்காரரும் ஆடலாம். வழக்கமான ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. அன்று ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லில் நடக்கிறார்கள். பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்ற மேடுபள்ளமான உருட்டுத் தரை. 1867-இல் தொடங்கிய பெண்கள் கழகத்தின் இடம் அது, சிறு கட்டணம் கொடுத்து யாரும் பந்தை உருட்டலாம். உலகப் புகழ்பெற்ற இந்த இடம் இப்படி ஊருக்குத் திறந்து கிடப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ‘கோல்ஃப் கிளப்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது தொலைந்துபோகும்.

சரி, இந்தச் சொற்கள் தாங்குமா என்று பார்க்க, அக்காவுக்குப் புரியாமல் போன பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

“17-ஆம் தடத்துக்குச் சாலைத் தடம் என்று பெயர். இலக்கடி 4, ஓபன் போட்டிகளில் நீளம் 495 கஜம். தொடக்க மேடையில் நிற்பவருக்குப் பந்து விழவேண்டிய இடம் தெரியாது. பழைய ரயில்வே கொட்டகைகளின் சாயலில் கட்டிய கொட்டகைக்கு மேலாக, ஒரு விடுதியின் ஓரத்தைத் தாண்டி அடிக்கவேண்டும். முற்றம் ஒடுங்கியது, குறுக்காகச் சாய்ந்து கிடப்பது. முன்னால் இடப்புறம் ஆழமான மணற்பள்ளம். பின்னால் தார்ச்சாலை, அதை ஒட்டிக் கல்சுவர். சாலையும் ஆடுகளத்தின் பகுதியே, பந்து சாலையில் நின்றால் அங்கிருந்தே அடிக்கவேண்டும். 1978-இல் ஜப்பானின் நகாஜிமா இரண்டே அடியில் முற்றத்துக்கு வந்துவிட்டார். அங்கிருந்து உருட்டிய பந்து மணற்பள்ளத்தில் இறங்கியது. வெளியே எடுக்க நான்கு அடி, மொத்தம் 9. 1984-இல் ஆறாவது ஓபன் பட்டத்தை எதிர்பார்த்திருந்த அமெரிக்காவின் டாம் வாட்சனின் பந்து முற்றத்தைத் தாண்டிப்போய்ச் சுவரருகே நின்றது. பட்டம் ஸ்பெயினின் பாயஸ்டெரோஸுக்குப் போயிற்று.”

அக்கா இப்போது அந்தக் குழியின் அளவைக் கேட்கவில்லை. “சாலையில் வண்டி வராதா?” என்றுதான் கேட்டார்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. ஆட்டக்காரரின் கோல்களைச் சுமந்து, காற்றையும் தரையின் சாய்வையும் சொல்லிக்கொடுக்கும் ஆளைக் ‘கேடி’ என்று எழுதினால் தமிழில் அது போக்கிரியைக் குறிக்கும் சொல்லாகிவிடும். திடலை அங்குலம் அங்குலமாக அறிந்தவரை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. ‘கோல்துணைவர்’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். சுருக்கமான, வாயில் நிற்கும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.