முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குமா?

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்):

வணக்கம். எங்கள் வீட்டு வெள்ளை முயல் கண்ணை மூடித் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. பகல் முழுவதும் கூண்டின் மூலையில் விழித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. விடிவதற்கு முன்பே கம்பியைக் கடித்து ஆட்டி வீட்டையே எழுப்பிவிடுகிறது. சில மதிய வேளைகளில் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிக் கிடப்பதால், அதற்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் மகள் அழுதேவிட்டாள். பக்கத்து வீட்டில் இரவிலும் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதா? இரவில் கூண்டைத் துணியால் மூடிவைக்கலாமா?

மறுமொழி 1 (ஏற்காடு):

தங்கள் முயல் நன்றாகவே தூங்குகிறது என்றுதான் தோன்றுகிறது. முயலுக்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய இமை இருப்பதாலும், அது கண் சிமிட்டுவதே மிக அரிது என்பதாலும், கண் திறந்திருப்பதை வைத்து விழித்திருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. மூக்கைப் பாருங்கள். விழித்திருக்கும் முயலின் மூக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். தூக்கம் ஆழமாக ஆக அந்தத் துடிப்பு மெதுவாகி, ஒரு கட்டத்தில் நின்றேவிடும். காதுகள் முதுகோடு ஒட்டித் தளர்ந்திருக்கும். சில சமயம் உதடும் பாதமும் வெட்டிவெட்டி இழுக்கும். அவ்வேளையில் தொட்டு எழுப்ப வேண்டாம்.

வேட்டையாடப்படும் உயிர் என்பதால் முயல் ஒரே மூச்சாகத் தூங்காது. நண்பகலிலும் நள்ளிரவிலும் துண்டு துண்டாகத் தூங்கி, விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். எனவே கூண்டை மூடினாலும் அது நம் நேரத்துக்கு மாறாது, காற்றோட்டம்தான் தடைப்படும். கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, மாலையில் ஓடவிட்டு, படுக்கப்போகும் முன் புல்லை நிறையப் போட்டுவிட்டால் விடியற்காலைக் கம்பிக் கடி பெரும்பாலும் குறையும். பொத்தென்று சாய்வது, அந்த இடத்தில் தனக்கு ஆபத்தில்லை என்று நம்பும் முயலின் செயல். மகளிடம் அதைச் சொல்லுங்கள்.

தறிச் சத்தம் சீரானது, அதற்கு முயல் பழகிவிடும். ஆனால் தறி ஓடும் பக்கத்துச் சுவரை ஒட்டிக் கூண்டை வைத்தால் அதிர்வு இறங்கும் என்பதால் எதிர்ச் சுவருக்கு மாற்றுவது நல்லது. திடீர் வெடிச்சத்தம்தான் அதற்கு ஆகாது. ஆடிப் பண்டிகை இரவுகளில் உள்ளறையில் வையுங்கள்.

மறுமொழி 2 (ஆத்தூர்):

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு, முயல் காலை நீட்டிப் படுப்பது நிம்மதியாகத் தெரியலாம். வெயில் 40 டிகிரியை ஒட்டும் சேலத்துச் சித்திரை மதியத்தில் அது வெப்பத் தாக்கமாகவும் இருக்கலாம். முயலுக்கு வியர்த்துக் குளிர வழியில்லை, காது வழியாகவே பெருமளவு சூட்டை வெளியேற்றுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். தூங்கும் முயலின் மூச்சு அமைதியாக இருக்கும். மூச்சு வேகமாக இரைத்து, காது சூடேறி, மூக்கு நனைந்திருந்தால் அது தூக்கமன்று. ஈரத் துணியால் காதைத் துடைத்து, நிழலான தரையில் விட்டு, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற நாள்களில், தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் போட்டால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும்.

மறுமொழி 3 (நாமக்கல்):

மூலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதையும் ஒருமுறை கவனியுங்கள். முதுகைக் கூனி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, அரை நாளாகத் தீனி தொடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது குடல் இயக்கம் நின்றதன் அறிகுறியாக இருக்கலாம். காலை வரை காத்திருக்கக் கூடாது. இங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி தங்களுக்கு எட்டும் தூரம்தான்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. இன்று மதியம் மூக்கு நின்றிருந்தது, மூச்சும் சீராகவே இருந்தது. தீனியில் குறையில்லை. ஆனால் ஓய்வாக இருக்கும்போது தலையைக் குனிந்து தன் புழுக்கையைத் தானே தின்கிறதே, அது நோயா?

மறுமொழி 1 (ஏற்காடு):

நோயில்லை. அது திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான தனிவகைப் புழுக்கை. முதல் முறை செரிக்காத சத்தை முயல் அவ்வாறுதான் மீண்டும் பெறுகிறது, தடுக்க வேண்டாம். அதைத் தின்னாமல் கூண்டில் விட்டுவைத்தால் மட்டும் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.