களைப்பு எங்கே போச்சு சார்? ("நோயாளி ஒப்புக்குச் சப்பாணி" என்றவருக்கு)

காலைவிறைப்பு:
நேத்து ராத்திரி தடுப்பூசி இழையில சராசரி சார் போகிறபோக்குல ஒரு கல்லை எறிஞ்சிட்டுப் போயிருக்கார். அங்கேயே பதில் சொன்னா இழை திசைமாறுதுன்னு நெறியாளர் வெட்டிடுவார். அதனால தனியா ஆரம்பிக்கிறேன். அவர் எழுதினது, ஒரு எழுத்துகூட மாத்தாம:

"மருத்துவ ஆய்வில் நோயாளியைப் பங்காளியாக்குவது புது மோஸ்தர். குழுவில் அவர் ஒப்புக்குச் சப்பாணி. முடக்குவாதத்தில் களைப்பு இருப்பதை நோயாளிகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அந்தக் களைப்பு எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது."

பதினாலு வருஷமா முடக்குவாதத்தோட (மூட்டெல்லாம் வீங்கி விறைக்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) குடித்தனம் நடத்துறவ நான். கதை சுற்றுதாம்! 1993-ல அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு, ட்ரையல்ல, அதாவது நோயாளிகள்கிட்ட மருந்தைச் சோதிக்கிற ஆய்வுல, எதையெல்லாம் அளக்கணும்னு ஏழு அம்சப் பட்டியல் போட்டுச்சு. தொட்டா வலிக்கிற மூட்டு எத்தனை, வீங்கின மூட்டு எத்தனை, வலி, நோய் எப்படி இருக்குன்னு நோயாளியோட கணிப்பு, டாக்டரோட கணிப்பு, அன்றாட வேலை செய்யற திறன், ரத்தத்துல அழற்சி. எண்ணிப் பாருங்க. களைப்பு எங்கே? 2002-ல ஆஸ்திரேலியாவுல ஓமெராக்ட் (வாதநோய் ஆய்வுகள்ல எதை அளக்கணும்னு பேசற சர்வதேசக் குழு) கூட்டத்துக்கு முதல் தடவையா நோயாளிகளையும் உட்கார வச்சாங்க. அவங்கதான் களைப்பைப் பத்திப் பேசினாங்க. 2006 கூட்டத்துல அதையும் அளக்கணும்னு முடிவாச்சு. பாடநூல்ல இருந்துச்சு, சரி. அளந்தாங்களா?

சராசரி:
நண்பரே, "கண்டுபிடித்தார்கள்" என்பதைத்தான் மறுத்தேன். நீங்களே பாடநூலில் இருந்ததை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நீங்கள் போட்ட அதே ஏழில் வலி, நோயாளியின் கணிப்பு, செயல்திறன் ஆகிய மூன்றும் நோயாளி சொல்லி நாங்கள் குறிப்பவை. ஏழில் மூன்று. 1993-லேயே. யாரையும் பங்காளி என்று மேடையேற்றாமலே வந்தவை. மேலும் அந்த 2006 பரிந்துரை "முடிந்தபோதெல்லாம்" அளக்கச் சொல்கிறது. அந்த ஒரு சொல்லை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

காலைவிறைப்பு:
நான் களைப்பைக் கேட்டா நீங்க வலியைக் காட்டுறீங்க. கடையில பால் கேட்டா வெள்ளையா இருக்குன்னு சுண்ணாம்பை நீட்டுற மாதிரி. களைப்பை அளந்தாங்களா?

களைப்புன்னா என்னன்னு தெரியுமா சார்? தலை வாரிக்கிட்டே இருப்பேன், பாதித் தலையோட கை இறங்கிடும். வலிக்காது. வீக்கம் இருக்காது. ரத்த ரிப்போர்ட் பார்த்துட்டு டாக்டர் "சூப்பர்"னு சொல்லிட்டு அனுப்பியிருப்பார். மிச்சப் பாதித் தலையை வார முக்கால் மணி நேரம் ஆகும், சீப்பு மடியில கிடக்கும். உங்க ஏழுல இது எந்த நம்பர்?

வார்டு_வாசி:
சராசரிக்கு சரித்திரமே ஆகாது. ஹெச்ஐவி விஷயத்துல நோயாளிகள் சும்மா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? 1988 அக்டோபர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தையே ஆக்ட் அப்-ங்கிற எய்ட்ஸ் போராட்டக் குழுக்காரங்க முற்றுகை போட்டாங்க. 1990-ல தேசிய சுகாதார ஆய்வு நிலையத்து வாசல்ல. அதுக்கப்புறம்தான் ட்ரையல் கமிட்டிகள்ல நோயாளிகளுக்கு நாற்காலி கிடைச்சுது. கொடுத்தது இல்லை, பிடுங்கினது. அதுக்கும் முன்னாடி ட்ரையல்ல கிடைச்ச மாத்திரையைப் பங்கு போட்டு விழுங்கினாங்க, யாருக்கும் வெறும் ப்ளசீபோ (மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரை) மட்டும் போயிடக் கூடாதுன்னு. அவங்கதான் அசல் பங்காளிகள்.

சராசரி:
அருமையான உதாரணம், எனக்காகவே தேடிக் கொடுத்ததுபோல. ஏஇசட்டி என்ற ஹெச்ஐவி மருந்தின் முதல் பெரிய ஆய்வில் 282 பேர். ப்ளசீபோ பக்கம் 19 மரணம், மருந்துப் பக்கம் ஒன்று. அந்த 19-க்கு 1 என்ற கணக்கு எப்படிக் கிடைத்தது? ப்ளசீபோ இருந்ததால். எல்லோரும் மாத்திரையைப் பங்கு போட்டிருந்தால் பத்துக்குப் பத்து என்று வந்து, மருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

நோயாளிகள் கேட்டதெல்லாம் சரியென்றால் 1990-களின் மார்பகப் புற்றுநோய்க் கதையையும் சொல்லுங்கள். அதிக அளவு கீமோ, கூடவே எலும்பு மஜ்ஜை மாற்று. கிடைத்தே தீரவேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள். 1993-ல் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராக 89 மில்லியன் டாலர் தீர்ப்பு. ட்ரையலுக்கு வெளியிலேயே சிகிச்சை கிடைத்ததால் ட்ரையலில் சேர ஆளில்லை. 1999-ல் முடிவுகள் வந்தபோது பலன் இல்லை. பலன் உண்டு என்ற ஒரே ஆய்வு மோசடி என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. இதற்கிடையில் எத்தனை பெண்கள்?

வார்டு_வாசி:
அந்த சிகிச்சையை வித்தது யாரு, நோயாளிகளா? ஆஸ்பத்திரிகள். மோசடி செஞ்சது யாரு, நோயாளியா? டாக்டர். பழி மட்டும் இந்தப் பக்கம்.

ஏணிப்படி:
நண்பர்களே, எல்லோரும் "பங்காளி" என்கிறீர்கள், ஆளுக்கொரு பொருளில். முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்று காட்ட ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-லேயே எட்டுப் படி ஏணி ஒன்று போட்டார். கீழ்ப்படியில் ஏமாற்று, நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, அதற்கு மேல் கூட்டு, உச்சியில் மக்களே முடிவெடுப்பது. நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

காலைவிறைப்பு:
ஏணிப்படி, முடக்குவாதக்காரியை ஏணி ஏறச் சொல்றீங்களே.

அப்புறம் இன்னொண்ணு, விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. முட்டி வீங்கிக் கிடக்கிறவங்களைப் பார்த்து "சப்பாணி"ன்னு எழுத எப்படி கை வந்துச்சு?

சராசரி:
அது வழக்குச் சொல். "ஒப்புக்குச் சப்பாணி" என்றால் விளையாட்டில் பேருக்குச் சேர்க்கப்பட்டவர். எந்த அகராதியிலும் பாருங்கள். தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை அம்மா.

காலைவிறைப்பு:
அகராதியிலயும் இருக்கு, பாடநூல்லயும் இருக்கு. உங்களுக்கு எல்லாம் எங்கேயோ எழுதியிருந்தா போதும். இப்ப "நண்பரே" போய் "அம்மா" ஆயிட்டேன், பொம்பளைன்னு தெரிஞ்சதும். களைப்பை அளந்தாங்களா?

சொல்வேட்டை:
மன்னிக்கவும், எல்லோரும் தப்பான சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். பங்காளி என்றால் சொத்துக்குச் சண்டை போடுகிற தாயாதி. பங்குதாரர் என்றால் லாபத்தில் பங்கு வாங்குபவர். இரண்டுமே இங்கே பொருந்தாது. "உடனுழைப்பாளர்" என்று நான் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன்.

வார்டு_வாசி:
மூணு வருஷமா நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. எனக்கென்னமோ தாயாதிதான் சரியாப் பொருந்துது, இந்த இழையைப் பார்த்தா.

சொல்வேட்டை:
"ஆய்வுப் பொருள்" என்றே மனிதர்களைக் குறித்துவந்த ஹெல்சிங்கி பிரகடனம் (மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறை) 2024-ல் "பங்கேற்பாளர்" என்று மாறியது. சொல்லுக்கு மதிப்பில்லையென்றால் ஏன் மாற்றினார்கள்? பதில் வராது என்று தெரியும்.

ஃபார்ம்_நிரப்பி:
வேலை நேரத்துல எட்டிப் பார்த்தேன், சூடா போகுதே. நான் ட்ரையல் ஒருங்கிணைப்பாளர். நிஜம் என்னன்னா, நோயாளி பிரதிநிதியைக் கூப்பிடும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒப்புதல் படிவம் அச்சாகி வந்துடும். "எழுத்து பெருசா இருக்கா, புரியுதா?"ன்னு கேப்பாங்க. அவர் தலையாட்டினா "நோயாளியைக் கலந்தாலோசித்தோம்"னு ஒரு டிக்.

காலைவிறைப்பு:
அதே! என் கதையும் அதுதான். ஒரு ஆய்வுக்குழுவுல நோயாளி தரப்புன்னு கூப்பிட்டாங்க, எதுன்னு சொல்ல மாட்டேன். பரிசோதனைக்கு எல்லாரும் காலையில எட்டு மணிக்கு வரணும்னு திட்டத்துல இருந்துச்சு. நான் சொன்னேன், எங்களுக்கு விறைப்பு விட்டு பித்தான் போடவே பத்து மணி ஆகும், மதியத்துக்கு மாத்துங்க, இல்லேன்னா பாதிப் பேர் நடுவுல நின்னுடுவாங்கன்னு. எத்திக்ஸ் கமிட்டியில பாஸ் ஆயிடுச்சு, இனி மாத்த முடியாதுன்னுட்டாங்க. கடைசியில நன்றிக் கடிதம். அதுல என் பேர்ல எழுத்துப்பிழை.

சராசரி:
ஆக நீங்கள் ஒப்புக்குச் சப்பாணியாக இருந்ததை நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். நான் இரண்டே வரியில் சொன்னது. நன்றி.

எட்டு மணிக்குக் காரணம் உண்டு. விறைப்பும் மூட்டு வீக்கமும் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். ஒருவரைக் காலையிலும் அடுத்த முறை மதியமும் எண்ணினால் மருந்து வேலை செய்ததா, கடிகாரம் வேலை செய்ததா என்று தெரியாது.

காலைவிறைப்பு:
ஒரே நேரம்னா எல்லாருக்கும் ரெண்டு மணின்னு வைங்களேன்! அதுவும் ஒரே நேரம்தானே? எட்டு மணி யாருக்கு வசதின்னு கேட்டுப் பாருங்க. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அந்த அறையில எங்க ஆள் ஒருத்தர் வேணும், அதுவும் திட்டம் எழுதுறப்பவே. நீங்க என்னை ஒப்புக்கு வச்சுட்டு, ஒப்புக்கு இருந்தாளேன்னு கேலி பண்றீங்க.

சராசரி:
எட்டுக்குப் பதில் இரண்டு என்பது நல்ல யோசனை. அதைச் சொல்ல நோய் வேண்டியதில்லை, ஒரு நல்ல செவிலியர் போதும்.

வார்டு_வாசி:
ஏன் அந்த நல்ல செவிலியர் சொல்லலை?

சராசரி:
நீங்கள் போன மாதம் பாராசிட்டமால் இழையில் மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பியவர். உங்களுக்குப் பதில் சொல்வதை அன்றே நிறுத்திவிட்டேன்.

வார்டு_வாசி:
ரெண்டு பதில் சொல்லிட்டீங்களே இந்த இழையில மட்டும்.

ஏணிப்படி:
நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எந்தப் படி?

ஃபார்ம்_நிரப்பி:
வேற ஒண்ணு சொல்லட்டுமா? வலியை அளக்க 100 மில்லிமீட்டர் கோடு ஒண்ணு கொடுப்போம். இந்த முனை வலியே இல்லை, அந்த முனை தாங்க முடியாத வலி. நோயாளி நடுவுல எங்கேயாவது குறுக்கே ஒரு கீறல் போடணும். விரல் வீங்கினவங்களுக்குப் பேனா நிக்காது, கீறல் வழுக்கி 61-ல ஆரம்பிச்சு 68-ல முடியும். நான் ஸ்கேலை வச்சுக்கிட்டு, கோட்டை எங்கே வெட்டுதுன்னு குனிஞ்சு பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். சராசரி சாரோட தசமப் புள்ளியெல்லாம் அங்கேருந்துதான் வருது.

சராசரி:
கோட்டை வெட்டும் இடத்தைத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் வேறு எங்காவது எடுத்திருந்தால் அது ஆய்வின் குற்றமல்ல, உங்கள் குற்றம். இன்னொன்று, அந்தப் படிவத்தை நகலெடுத்தீர்களா? ஜெராக்ஸ் எடுத்தால் கோட்டின் நீளமே மாறும்.

ஃபார்ம்_நிரப்பி:
எடுத்தோம். அச்சு தீர்ந்துபோச்சு, நகலோட நகல். ஒரு தடவை அளந்து பார்த்தேன், 104 இருந்துச்சு.

சராசரி:
104! அதை வைத்துக்கொண்டு எத்தனை பேரை அளந்தீர்கள்? யாரிடமாவது சொன்னீர்களா? தனி இழையே போடலாம் இதற்கு.

காலைவிறைப்பு:
பாருங்க, நாலு மில்லிமீட்டருக்கு எப்படித் துடிக்கிறார்! கோட்டை அளந்தாச்சு. களைப்பை அளந்தாங்களா?

சராசரி:
ஏழில் மூன்று.

சொல்வேட்டை:
"ஜெராக்ஸ்" என்பது நிறுவனப் பெயர். நகலி என்று எழுதவும்.