நெஸ்மக் கத்தியும் கைக்கோடாலியும்: நம்ம ஊர்ப் பட்டறையில் அடிக்க முடியுமா?

ஏலமலை_கம்பம்:
வணக்கம். வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் கம்பம்மெட்டு தாண்டிக் கேரளப் பக்கம். பழைய காலத்தில் காட்டில் தங்கித் திரிந்தவர்கள் என்ன கத்தி, கோடாலி வைத்திருந்தார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் ‘நெஸ்மக்’ என்ற பெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் மூன்று இரும்பு கொண்டுபோவாராம்: இருவாய்க் கைக்கோடாலி (தலையின் இரண்டு பக்கமும் வெட்டும் வாய்), உறைக்கத்தி, மடக்குக்கத்தி. கோடாலியும் உறைக்கத்தியும் அதே மாதிரி அடித்து வாங்க ஆசை. லாரிப் பட்டா (வண்டிக்கு அடியில் வில்லாக இருக்கும் இரும்புப் பட்டை) ஒன்று கையில் இருக்கிறது. கத்தி ஆறு மில்லி கனம் இருந்தால் நல்லதுதானே? ஆசாரியிடம் போனில் படத்தைக் காட்டினால் போதுமா? தோட்டத்துக்கும் ஆகணும், எப்போதாவது தேக்கடி, மேகமலைப் பக்கம் நடக்கப் போனால் இடுப்பிலும் இருக்கணும்.

உலைக்களம்_கூடலூர்:
தம்பி, ஆறு மில்லி வேண்டாம். அந்த மனுஷன் வேண்டவே வேண்டாம் என்று எழுதியதே தடித்த கத்தியைத்தான். கடையில் விற்கிற வேட்டைக்கத்திகள் பார்க்கப் பயமாக இருக்கும், வேலைக்கு உதவாது என்று 1884-இல் வந்த தன் புத்தகத்தில் சொல்கிறார். அவருடைய கத்தி மெல்லியது. தோலுரிக்க, இறைச்சி வெட்ட, சாப்பிட, எல்லாம் அதே கத்திதான். ஆள் சின்ன உடம்புக்காரர், நோயாளி. 1883-இல் ஐந்து கிலோகூட இல்லாத ஒரு படகைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அடிரோண்டாக் ஏரிகளைச் சுற்றி வந்தவர். கையில் உள்ள ஒவ்வொரு பொருளின் எடையையும் அவர் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

கோடாலி விஷயத்தில் அவர் பட்ட பாட்டை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக் கோடாலி எதுவும் பிடிக்காமல் கொல்லர்களிடம் அடிக்கக் கொடுத்தார். அதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்கிறார். ரொம்ப எடை, கையில் சமமாக நிற்கவில்லை. கடைசியில் அவருக்குச் சரியாகச் செய்து கொடுத்தவர் ராச்செஸ்டர் நகரத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த புஷ்னல் என்பவர். விலை 3 டாலர். போகும்போது சியர்ஸ் கையில் படம் கொண்டுபோகவில்லை. மழை பெய்த ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தானே மரத்தில் செதுக்கிய மாதிரியைக் கொண்டுபோனார்.

நான் பட்டறை வீட்டில் பிறந்தவன், சின்ன வயசில் துருத்தி இழுத்தவன். போன்படத்தைப் பார்த்து ஆசாரிக்குத் தடிமன் தெரியாது. பக்கவாட்டுத் தோற்றம்தான் தெரியும், மற்றதை அவர் கைப்பழக்கத்தில் அடித்துவிடுவார். அவர் கை அரிவாளுக்குப் பழகியிருந்தால் நெஸ்மக் வடிவத்தில் உங்களுக்கு ஒரு அரிவாள்தான் கிடைக்கும். அதனால் மரத்தில் செதுக்குங்கள். பிடியைப் பிடித்துப் பாருங்கள், உறுத்துகிற இடத்தை இழையுங்கள். பிறகு பட்டறைக்குப் போங்கள்.

எந்தப் பட்டறை என்பதும் முக்கியம். பனையேறிகளின் பாளை அரிவாள் அடிப்பவர், அல்லது கேரளப் பக்கம் ரப்பர் வெட்டும் கத்தி செய்பவர், இவர்களில் ஒருவரைத் தேடிப் போங்கள். பாளையை மெல்லிசாகச் சீவத் தெரிந்த இரும்பை அடிக்கிற கைதான் நமக்குப் புஷ்னல்.

அளவு வேண்டும் என்றால் ஹொரஸ் கெபார்ட்டைப் பாருங்கள். அவரும் காட்டு வாழ்க்கை பற்றி எழுதிய அமெரிக்கர், ஸ்மோக்கி மலையில் வாழ்ந்தவர். அவர் கத்தி ஒரு கிராமத்துக் கொல்லர் அடித்தது. அலகு நாலேகால் அங்குலம், பிடியும் அதே நீளம், அகலம் ஒரு அங்குலம், முதுகுத் தடிமன் அரைக்கால் அங்குலம், அதாவது மூன்று மில்லி சொச்சம். தோய்ச்சல் (காய்ச்சி முக்கி இரும்பைக் கெட்டியாக்குவது) எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் வைத்த கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது: பச்சை மரக்கொம்பை வெட்டணும், கணுவிலோ எலும்பிலோ பட்டால் வாய் மடங்கலாம், பொரிந்து சில்லாக உடையக் கூடாது. மடங்கியதைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். காட்டில் இருப்பவனுக்குப் பொரிந்த வாயை என்ன செய்ய முடியும்?

லாரிப் பட்டாவில் மூன்று மில்லிக்கு இறக்க நிறைய அடிக்கணும். ஜீப் பட்டா மெல்லியது, கிடைத்தால் அதை எடுங்கள். ஓடித் தேய்ந்த பட்டாவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், நடுத்துளைப் பக்கம் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் தோய்க்க விடாதீர்கள், அந்த இரும்புக்கு எண்ணெய்தான். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் இன்னும் கொஞ்சம் ஏற்றி எண்ணெயில் இறக்கணும். அரம் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. உடனே பதம் இறக்கணும், அதாவது இரும்பில் வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடேற்றி விறைப்பைக் குறைக்கணும். கோடாலிக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் இறக்கணும்.

குமுளி_வாசி:
கத்தி சரி, நடைக்குக் கொண்டுபோவது சரியில்லை. தேக்கடியும் மேகமலையும் காப்பகங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31: தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. ஆயுதம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பட்டியலில் கத்தியும் இருக்கிறது. தோட்டத்துக் கருவி தோட்டத்திலேயே இருக்கட்டும். செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுபோகும்போது இடுப்பில் செருகாமல், சாக்கில் சுற்றி மற்ற சாமான்களோடு வண்டியில் வையுங்கள்.

ஏலமலை_கம்பம்:
நன்றி. அப்படியானால் தோட்டத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன். உலைக்களம் அண்ணே, நிழல் மரம் கவாத்துக்கும் காய் ஸ்டோருக்கு (ஏலக்காய் உலர்த்தும் கட்டடம்) விறகு பிளக்கவும் இருவாய்க் கோடாலி சரிப்படுமா? காம்புக்கு என்ன மரம்? தோலுறையும் தைக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

உலைக்களம்_கூடலூர்:
இருவாய் வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் மரம் வெட்டுபவர்கள் ஒரு வாயை மெல்லிசாகத் தீட்டி வைப்பார்கள், மற்றதைக் கணுவுக்கும் வேருக்கும் தடிமனாக விடுவார்கள். ஒரே ஆள் பிடிக்கிற கோடாலிக்கு அது நல்ல ஏற்பாடு. உங்கள் தோட்டத்தில் பல கை மாறும், தோளில் சாத்திக்கொண்டு சரிவில் இறங்குவார்கள், பின்வாய் கழுத்துப் பக்கம் இருக்கும். அதோடு ஆப்பு அறையத் தட்டையான பின்பக்கம் வேண்டும். ஒருவாயாகவே அடியுங்கள்.

மரம் ஏறிக் கவாத்து செய்பவருக்குக் கோடாலியைக் கொடுக்காதீர்கள், அவருக்கு வெட்டுக்கத்திதான். விறகு பிளக்கவும் சின்னக் கோடாலி போதாது, அதற்குப் பெரியது தனியாக வையுங்கள். இது கொம்பு கழிக்க, முளை கூராக்க.

தோலுறை மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் பக்கம் ஜூனில் தொடங்கினால் லேசில் விடாது. கத்தியை உறையில் வைத்து மாட்டாமல், துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவித் தனியே வையுங்கள்.

காம்புக்குக் கருவேலம் நல்லது, நன்றாகக் காய்ந்திருக்கணும். முனையைப் பாருங்கள், ரேகை கோடாலி வாய் ஓடும் திசையிலேயே ஓடணும். குறுக்கே ஓடுகிற கட்டையை ஆசாரி கொடுத்தால் வாங்காதீர்கள்.