நாக்கின் விருப்பம் பிறப்பிலா, வளர்ப்பிலா, ஊர் சூட்டும் பட்டத்திலா?

வெள்ளவத்தை அம்மா:
என் மூத்தவன் கோவா (முட்டைக்கோஸ்) வறையை வாயில் வைக்க மாட்டான், கசக்கிறது என்கிறான். இளையவன் அதே வறையைச் சோறில்லாமலே அள்ளித் தின்கிறான். ஒரே சட்டி, ஒரே அகப்பை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்பது மாமியாரின் தீர்ப்பு. அலுவலகத்திலோ நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் போதும், "யாழ்ப்பாண இரத்தம், உறைப்பில்லாமல் இறங்காது" என்கிறார்கள். நானோ உறைப்பைக் குறைத்துச் சமைப்பவள். இதில் எது உண்மை? பிள்ளையை வற்புறுத்தித் தின்ன வைக்கலாமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், தெஹிவளை:
தங்கச்சி, மூத்தவனை ஏசாதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. 1931இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுகூடத்தில் பிடிசி என்ற தூள் காற்றில் பறந்தது. கூட வேலை செய்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் டாஸ்2ஆர்38 என்ற மரபணு என்பது 2003இல் தெரியவந்தது. கோவாவிலும் பிடிசியை ஒத்த கசப்புப் பொருள்கள் உண்டு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்று வருவதால் கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே நாக்கு வேறுபடும். வகுப்பில் பிடிசி தடவிய தாளை நாக்கில் வைத்துப் பார்க்கக் கொடுப்பேன். ஒரே வாங்கில் இருக்கும் இருவரில் ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடுவாள்; மற்றவள் "வெறும் கடதாசிதானே, சேர்" என்பாள். எந்த இனத்தை எடுத்தாலும் இரு வகையினரும் இருக்கிறார்கள்.

உறைப்பு வேறு விடயம். மிளகாயின் கப்சைசின், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. நாம் உணர்வது எரிவு. தொடர்ந்து தின்றால் அது மழுங்கும். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் இங்கே வந்தது 1505இல். அதற்கு முன் நம் முன்னோர் மிளகை நம்பித்தான் சமைத்தார்கள். பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கத்தை இரத்தம் என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வளர்ப்பு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. 2001இல் ஜூலி மெனெல்லா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் கரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள் கரட் கலந்த உணவுக்கு அவ்வளவாக முகம் சுளிக்கவில்லை.

கொட்டாஞ்சேனைச் சமையற்காரர்:
பட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கலியாண வீடுகளுக்குச் சமைப்பவன் நான். என் அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். "மலையகத்து ஆட்களுக்கு ரொட்டியும் சம்பலும் இருந்தால் போதும், அதுதான் அவர்களுக்குப் பிடிக்கும்" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைய கூலிக்கு வாங்க முடிந்தது கோதுமை மா. விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் முன் சுட்டு, மடித்து, துணியில் சுற்றிக்கொண்டு போக முடிந்தது ரொட்டி. வறுமை தெரிந்தெடுத்ததை நாக்கு தெரிந்தெடுத்ததாகச் சொல்கிறார்கள். அதே அம்மாவுக்கு மீன் குழம்பு என்றால் உயிர். கையில் கொஞ்சம் காசு வந்த பிறகுதான் அது எங்களுக்கே தெரிந்தது.

வெள்ளவத்தை அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். ஐயா, அப்படியானால் மூத்தவனுக்குக் கோவாவே வேண்டாமா?

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், தெஹிவளை:
விட்டுவிட வேண்டாம். சிறுவர்களுக்குக் கசப்பு பெரியவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும். வளர வளரக் குறையலாம். உப்பு கசப்பை அடக்கும், ஆகவே உப்பைச் சரியாகப் போட்டு, தேங்காய்ப்பூவைக் கூட்டி, அதிகம் வேகவிடாமல் இறக்குங்கள். தட்டில் ஒரு கரண்டி வறை வையுங்கள். அவன் ஒதுக்கினால் ஒன்றும் சொல்லாதீர்கள். மாமியாரிடம் பிடிசி தாளைக் கொடுத்துப் பாருங்கள். அவருக்கும் கசந்தால் பேரனை அவரே விளங்கிக்கொள்வார்.