படர்தாமரைக்கு க்ளோட்ரிமசோல்: அரிப்பு நின்றதும் நிறுத்தலாமா?

கேள்வி: தொடை இடுக்கில் படர்தாமரை. பூஞ்சைக்கு எதிரான 1% க்ளோட்ரிமசோல் க்ரீம் ஐந்து நாள் போட்டதில் அரிப்பு போய்விட்டது. போதுமா?

பதில்: போதாது. அரிப்பு முதலில் அடங்கும், பூஞ்சை சாவது பிறகுதான். தினம் இரண்டு வேளை, தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாகத் தடவவேண்டும். வளையத்தின் ஓரத்தில்தான் பூஞ்சை மும்முரமாக இருக்கும். அதனால் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை போடுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது தாராளம்.

இன்னொருவர்: ட்யூபைத் திருப்பிப் படித்தீர்களா? பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்றிருந்தால் ஸ்டீராய்டு கலவை. சிவப்பு மறையும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். இடுக்குத் தோல் மெலிந்து வரிவரியாகும்.

கேட்டவர்: க்ளோட்ரிமசோல் மட்டும்தான். லேசாக எரிகிறது. பாதத்திலும் தோல் உரிகிறது.

பதில்: அங்கிருந்துதான் இடுக்குக்குத் தொற்றியிருக்கக்கூடும்! பாதத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். சாக்ஸ் மாட்டிய பிறகே உள்ளாடை அணியுங்கள், இல்லையென்றால் பூஞ்சை துணியோடு மேலே ஏறும். லேசான எரிச்சல் பரவாயில்லை. கொப்புளம், வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நான்கு வாரத்தில் குறையாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். தலையில் வந்தால் க்ரீம் மட்டும் எடுபடாது, மாத்திரை வேண்டும்.