ஆறுமணிக்குருவியை (காலையும் மாலையும் விசிலடிக்கும் Indian Pitta) பக்கத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கிணற்றடி (நாகப்பட்டினம்):
ஐப்பசி அடைமழை. விடியும் நேரத்தில் துவைகல் ஓரமாகக் காக்கைகள் கூடி எதையோ கொத்திக்கொண்டிருந்தன. விரட்டிவிட்டுப் பார்த்தால் ஆறுமணிக்குருவி. வடக்கேயிருந்து ராத்திரியில் பறந்து வந்து களைத்து விழுவதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மறக்காதது வேறு. துண்டைப் போட்டுத் தூக்கினேன். எடையே இல்லை. ஆனால் நெஞ்சு படபடவென்று அடிப்பது துண்டைத் தாண்டி உள்ளங்கையில் தெரிந்தது. கறுப்புப் பட்டைக்குள் இருந்த கண் என்னையே பார்த்தது. அடிவயிற்றுச் சிவப்பைப் பார்த்து அம்மா ரத்தம் என்று பதறிவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் இரண்டு சொட்டு கொடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்திருந்தோம். சாயங்காலம் திறந்ததும் தத்தித் தத்திச் செம்பருத்திப் புதருக்குள் போய்விட்டது. ஆண் குருவி, நல்ல நிறம். பிழைத்திருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பலாமரத்தடி (கண்டி):
எங்கள் வளவுக்கு ஒவ்வொரு வருஷமும் வரும். புரட்டாசி கடைசியில் வந்தால் சித்திரை வரை நிற்கும். பின்னேரம் இருட்டுகிற நேரம் இரண்டு விசில், பிறகு சத்தமில்லை. ஒருநாள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது. சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளும், நின்று பார்க்கும், கட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும், மறுபடி தத்தும். ஒரு மண்புழுவைப் பாதி இழுத்துவிட்டது. மீதி மண்ணுக்குள். காலை அகல ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தது பாருங்கள், அந்தச் சின்ன உடம்புக்கு எவ்வளவு பலம்! வருவது எப்போதும் அதே குருவிதான், சந்தேகமே இல்லை.

காட்டுப்பாதை (கோவை):
கிணற்றடி அண்ணா, ஆண் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இதில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பலாமரத்தடி சொல்வதும் அப்படித்தான். காலில் வளையம் போடாமல் அதே குருவி என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் பார்த்தது அலுவலகக் கண்ணாடிக் கதவில் மோதி விழுந்த ஒன்று. இறக்கை விரிந்து கிடந்தது. உட்கார்ந்திருக்கும்போது தெரியாத வெள்ளைத் திட்டு அப்போதுதான் கண்ணில் பட்டது. என் கையிலேயே உயிர் போய்விட்டது.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். விழுந்த பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போனால் செத்துவிடும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே ஒரு துணி, மூடி வைத்து ஆள் நடமாட்டம் இல்லாத இடம், அது போதும். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள், போட்டோ வேண்டாம். சோறு, ரொட்டி எதுவும் போடாதீர்கள், அது புழு பூச்சி தின்கிற பறவை. சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் காக்கை இல்லாத நேரமாகப் பார்த்துப் புதர் ஓரத்தில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்வது 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நெருக்கமாகப் புள்ளி ஒட்டுங்கள். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை. வலசைக் காலத்தில் மாடி விளக்கை அணைத்து வையுங்கள்.

தேக்கங்காடு (நாக்பூர்):
நீங்கள் எல்லோரும் பார்ப்பது குளிர்கால விருந்தாளியை. அதன் சொந்த ஊரில் பார்த்தால் வேறு பறவை என்றே நினைப்பீர்கள். எங்கள் ஊருக்கு வடக்கே பெஞ்ச் (Pench) காட்டுப் பக்கம், ஜூனில் முதல் மழை விழுந்த பிறகு போயிருந்தேன். பட்டப்பகலில் மரக்கிளையில் ஏறி நின்று, தலையைப் பின்னால் சாய்த்து விசில். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று. காலையும் மாலையும் மட்டும் கூப்பிடும் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு நம்பவே முடியவில்லை. கூட்டையும் தள்ளி நின்று பார்த்தேன். காய்ந்த இலையும் வேரும் புல்லும் சேர்த்த பெரிய உருண்டை, பக்கவாட்டில் வாசல். தாயோ தகப்பனோ தெரியாது, வாய் நிறையப் புழுக்கள் மீசை மாதிரி இரண்டு பக்கமும் தொங்க வந்து நின்றது. நான் நகரும் வரை கூட்டுக்குள் போகவே இல்லை. அதனால் உடனே கிளம்பிவிட்டேன். கூட்டருகே நின்று படம் எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பலாமரத்தடி (கண்டி):
காட்டுப்பாதை, வளையம் இல்லை என்பது சரி. ஆனால் அதே பலாவடி, அதே மூலை, அதே மாதம். நான் சொன்னதில் மாற்றமில்லை. உங்கள் அறிவுரையில் சருகை விட்டுவிட்டீர்கள். வளவைச் சுத்தமாகக் கூட்டி எரிக்கிற வீட்டுக்கு அது ஏன் வரப் போகிறது? அடுத்த காணியில் மரத்தடியெல்லாம் சிமெந்து போட்டார்கள். அந்தப் பக்கம் இப்போது சத்தமே கேட்பதில்லை.

கிணற்றடி (நாகப்பட்டினம்):
தண்ணீர் விஷயம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தேக்கங்காடு, ஒரு கேள்வி. சித்திரையில் இங்கிருந்து கிளம்புகிறவை அங்கே மழைக்கு எவ்வளவு முன்னால் வந்து சேர்கின்றன? மே மாதமே குரல் கேட்குமா?